கணக்கில் ஏறாத மான்கள்

நவம்பர் மாசம் வந்தால் எங்கள் கிளையில் திருவிழாக் கூட்டம்தான். பென்ஷன் வாங்குகிற அத்தனை பேரும் "நான் உயிரோடுதான் இருக்கிறேன்" என்று நிரூபிக்க வேண்டிய மாசம் அல்லவா. ஜபல்பூரைத் தாண்டி மண்ட்லா மாவட்டத்தில், கான்ஹா காட்டுக்குப் போகிற ரோட்டில் இருக்கிறது கிளை. தமிழ்க் குடும்பம் என்று பார்த்தால் நாங்கள் ஒன்று, பள்ளிக்கூட வாத்தியார் வீடு ஒன்று. நல்லெண்ணெய் வேண்டுமென்றால் ஜபல்பூர் போகணும்.

அந்தக் கூட்டத்தில் வருஷா வருஷம் ஒரு பைகா கிழவர் பேரனோடு வருவார். வனத்துறையில் காவலாளாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டியிருக்கும், ரிஜிஸ்டரில் அதைவிடக் குறைச்சல். அவருடைய கட்டைவிரல் ரேகை மெஷினில் விழாது. பத்து விரலையும் வைத்துப் பார்ப்போம். துடைத்து வைப்போம், எண்ணெய் தடவி வைப்போம். ரேகையெல்லாம் தேய்ந்து விட்டது. கடைசியில் நானே நேரில் பார்த்துச் சான்று எழுதிக் கையெழுத்துப் போடுவேன். அதற்குள் மதியம் ஆகிவிடும். அப்படிக் காத்திருந்த ஒரு மதியத்தில்தான் பேச்சு ஆரம்பித்தது.

நான் அவரை தாதா என்றுதான் கூப்பிடுவேன். இந்தப் பக்கம் தாதா என்றால் தாத்தா. ஊருக்கு ஃபோனில் பேசும்போது "இன்னைக்கு பாங்குக்கு ஒரு தாதா வந்தார்" என்று சொல்லப்போய், மாமியார் போலீஸுக்குச் சொன்னீங்களா மாப்பிள்ளை என்று கேட்டது தனிக்கதை. :-)

தாதாவின் பழைய தொழில் மான் தடம் பார்ப்பது. அதிலும் முக்கியமாக, குண்டு பட்டு ஓடிப்போன மானைத் தேடிக் கண்டுபிடிப்பது. அவருடைய அப்பாவுக்கும் அதுதான் வேலை. பையனுக்கு ஸ்கூலில் 'மத்தியப் பிரதேசத்தின் மாநில விலங்கு' என்று ப்ராஜெக்ட் கொடுத்தார்கள். பாரசிங்கா மான். அதற்காகப் புத்தகங்களைப் புரட்டப்போய், தாதா சொன்னதற்கும் புத்தகத்தில் இருப்பதற்கும் நடுவில் ஒரு பெரிய ஓட்டை இருப்பதைப் பார்த்தேன். பி.காம் படித்துவிட்டு இருபது வருஷம் லெட்ஜர் பார்த்தவனுக்கு அந்த ஓட்டை உடனே கண்ணில் படும். அதைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

நம் நாட்டு வேட்டைக் கணக்குகளில் மிகவும் பிரசித்தமானது ஜஹாங்கீருடையது. தன் பன்னிரண்டாவது வயதில், 1580-ல் ஆரம்பித்து 1616 வரை எத்தனை வேட்டையாடினோம் என்று ஆட்களை உட்கார வைத்துக் கணக்கெடுத்து, தன் நினைவுக் குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அவர் முன்னிலையில் விழுந்தவை மொத்தம் 28,532. அதில் அவர் கையாலேயே வீழ்த்தியது 17,167. நாலுகால் பிராணிகள் 3,203, பறவைகளும் மற்றவையும் 13,964. கூட்டிப் பார்த்தேன், சரியாக டேலி ஆகிறது! புறா மட்டும் 10,348, காக்கா 3,276. காக்காயைக்கூட விடாமல் எண்ணியிருக்கிறார் மனுஷர். இதே ஜஹாங்கீர்தான் செல்லமாக வளர்த்த மான்ஸ்ராஜ் என்ற மான் செத்துப்போனதும், அதன் நினைவாக இன்றைய பாகிஸ்தானில் இருக்கிற ஷேக்குபுராவில் ஹிரன் மினார் என்ற கோபுரத்தை எழுப்பியவர்.

இவ்வளவு நுணுக்கமான கணக்கில் ஒரு காலம் மட்டும் இல்லை. அடிபட்டு ஓடிப்போனது எத்தனை? காட்டுக்குள் எங்கேயோ போய் விழுந்து, யார் கண்ணிலும் படாமல் செத்தது எத்தனை? அந்தத் தலைப்பே கிடையாது.

வெள்ளைக்காரர் காலத்திலும் அதே கதைதான். ஜேம்ஸ் ஃபோர்ஸித் என்ற ராணுவ அதிகாரி 1862-ல் பச்மடியில் மாளிகை கட்டிக்கொண்டு சாத்புரா மலைகளைச் சுற்றினார். அவருடைய 'மத்திய இந்திய மேட்டு நிலங்கள்' புத்தகம் 1871-ல் வந்தது. பிறகு டன்பர் பிராண்டர் என்ற வனத்துறை அதிகாரி. 'மத்திய இந்தியாவின் காட்டு விலங்குகள்' என்ற அவர் புத்தகம் 1923. இரண்டு பேரும் காட்டை உண்மையாகவே தெரிந்தவர்கள், அதில் சந்தேகமில்லை. கான்ஹாவின் பாரசிங்கா இனத்துக்கு 1943-ல் 'பிராண்டெரி' என்றே விஞ்ஞானப் பெயர் வைத்தார்கள். ஒரு வேட்டைக்காரர் பெயரைச் சுமந்துகொண்டு புல் மேய்கிறது அந்த மான். (பையன் ப்ராஜெக்டில் எனக்குப் பிடித்த வரி இது. டீச்சர் டிக் கூடப் போடவில்லை.)

ஆனால் அந்த அதிகாரிகளைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போனது கோண்டுகளும் பைகாக்களும். அந்தக் கால வேட்டைப் புத்தகங்களில் அவர்கள் பெரும்பாலும் "என் கோண்டு ஆள்", "பழைய பைகா" என்று வந்து போவார்கள். ஃபோட்டோவில் கொம்பைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்பார்கள். 1878 வனச் சட்டத்துக்குப் பிறகு ஒதுக்குக் காட்டில் வேட்டையாட அனுமதி வேண்டும் என்று ஆனது. லைசென்ஸும் ரைஃபிளும் வைத்திருப்பவர் ஷிகாரி, வில்லோடு போகிற பைகா திருடன். 1912-ல் பறவை விலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து, எந்தெந்த மாதம் எதைச் சுடக்கூடாது என்று மூடிய பருவங்களை வகுத்தது. காட்டைப் பிளாக் பிளாக்காகப் பிரித்து, இத்தனை நாளுக்கு இத்தனை மிருகம் என்று பெர்மிட் கொடுப்பார்கள். டாக் பங்களாவில் ஒரு ரிஜிஸ்டர். சுட்டது என்ன, கொம்பு எத்தனை அங்குலம், எல்லாம் அதில் ஏறும்.

தாதா பதினாலு பதினைந்து வயதில் அப்பா பின்னால் போக ஆரம்பித்தபோது சுதந்திரம் வந்து பத்து வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. பிளாக்கும் பெர்மிட்டும் அப்படியே இருந்தன. துரைகளுக்குப் பதிலாக வியாபாரிகளும், காண்ட்ராக்டர்களும், பெரிய ஆபீசர்களின் விருந்தாளிகளும் வந்தார்கள். அமெரிக்காவிலிருந்துகூட வந்தார்களாம்.

இனி அவர் சொன்னது. பல மதியங்களில் பிட்டுப் பிட்டாகச் சொன்னதைக் கோத்து எழுதுகிறேன்.

குண்டு பட்டதும் முதலில் செய்ய வேண்டியது, ஒன்றும் செய்யாமல் உட்காருவது. பீடி பற்ற வைக்கணும். அடிபட்ட மான் பக்கத்திலேயே ஒரு புதரில் படுக்கத்தான் பார்க்கும். யாரும் வரவில்லை என்றால் படுத்த இடத்திலேயே உடம்பு விறைத்து அடங்கிவிடும். உடனே துரத்தினால் வலியிலும் எழுந்து மைல் கணக்காக ஓடும். நெஞ்சில் பட்டிருந்தால் அரைமணி போதும். வயிற்றில் பட்டிருந்தால் நாலு மணி நேரம்கூடப் பொறுக்கணும்.

எங்கே பட்டது என்று எப்படித் தெரியும்? மான் நின்ற இடத்துக்குப் போய் மயிரைத் தேடணும். குண்டு பட்ட இடத்து மயிரை வெட்டிக் கீழே போட்டிருக்கும். முதுகு மயிர் கருப்பாக, முரடாக இருக்கும். வெள்ளையாக மெல்லிசாக இருந்தால் அது அடிவயிறு, அன்றைக்குப் பிழைப்பு கெட்டது என்று அர்த்தம். அப்புறம் ரத்தம். நுரை கலந்த இளஞ்சிவப்பு என்றால் நுரையீரல், இருநூறு கஜத்துக்குள் விழுந்து கிடக்கும். கருஞ்சிவப்பு என்றால் ஈரல். ரத்தம் கொஞ்சமாக, பச்சையாக ஏதோ கலந்து, சாணி நாற்றம் அடித்தால் குடல். காலில் மட்டும் பட்டிருந்தால் முதலில் கொட்டோ கொட்டென்று கொட்டும், கொஞ்ச தூரத்தில் நின்றே போகும். அந்த மானைப் பிடிப்பதுதான் கஷ்டம், மூன்று காலில் நாள் கணக்காகப் போகும்.

புல்லின் இரண்டு பக்கமும் ரத்தம் இருந்தால் குண்டு உள்ளே போய் வெளியே வந்திருக்கிறது. எந்த உயரத்தில் இலையில் அப்பியிருக்கிறதோ அதுதான் காயத்தின் உயரம். சால் மரத்துக் காய்ந்த இலையில் இயற்கையாகவே துருப்பிடித்த மாதிரி செம்புள்ளிகள் இருக்கும், புது ஆள் அதைப் பார்த்து ஏமாந்து போவான். விரலை எச்சிலில் நனைத்துத் தேய்க்கணும். சிவப்பாகக் கையில் ஒட்டினால் ரத்தம், இல்லாவிட்டால் வெறும் இலை. ரத்தம் உலர்ந்து கண்ணுக்கே தெரியாமல் போனாலும் எறும்புக்குத் தெரியும். தரையில் எறும்பு மொய்க்கிற இடமாகப் பார்த்துக்கொண்டே போகணும்.

கடைசிச் சொட்டு கிடந்த இடத்தில் ஒரு குச்சியை நட்டு, அதில் இலையைக் குத்தி வைத்துவிட்டு, அங்கேயிருந்து அரைவட்டமாகத் தேடணும். கிடைக்கவில்லையா, மறுபடி குச்சிக்கே வந்து இன்னும் பெரிய அரைவட்டம். ரத்தமே இல்லாவிட்டால் குளம்புதான் கதி. நல்ல மானின் குளம்பு சேர்ந்து பதியும், தள்ளாடுகிற மானின் குளம்பு விரிந்து பதியும், ஒரு கால் கோடு இழுத்துக்கொண்டே போகும். புரண்ட இலையின் அடிப்பக்கம் ஈரமாகக் கருத்திருக்கும், வெயில் ஏறினால் அதுவும் காய்ந்துவிடும். குரங்கு கத்துகிறதா, மயில் கூவுகிறதா, காக்கா எங்கே இறங்குகிறது, கழுகு எங்கே வட்டமடிக்கிறது, அதெல்லாமும் பார்க்கணும்.

இதையெல்லாம் சொல்லும்போது கவுண்ட்டர் மேஜையின் மேல் அவர் விரல் தானாகவே நகரும். அந்தத் தேய்ந்த விரல்தான்.

ஒரு கடமான் கதை சொன்னார். வருஷம் தெரியாது, ஜவஹர்லால் போன பிறகு வந்த குளிர்காலம் என்றார். அப்படியென்றால் 1964 கடைசி. விருந்தாளி ஒருவர் (யாரென்று தாதாவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை) பிளாக் எடுத்திருந்தார். ஆட்கள் ஒரு பக்கமிருந்து தட்டி விரட்ட, பெரிய கொம்புக் கடமான் ஒன்று அந்தி நேரத்தில் ஓடையைத் தாண்டியது. விருந்தாளி சுட்டார். தாதாவின் அப்பா போய்ப் பார்த்தார். வெள்ளை மயிர்.

"உட்காருங்க சாப், காலையில பாப்போம்" என்றிருக்கிறார். விருந்தாளிக்குப் பொறுமை இல்லை. டார்ச்சை எடுத்துக்கொண்டு உடனே தேட வேண்டும் என்று பிடிவாதம். எஜமான் சொன்னால் என்ன செய்வது? போனார்கள். முந்நூறு கஜத்தில் புதருக்குள்ளிருந்து அது எழுந்து, கல் உருளச் சரிவில் இறங்கி ஓடுகிற சத்தம் கேட்டதாம். "அந்தச் சத்தம் கேட்டப்பவே அப்பா தலையில கை வெச்சுட்டார் சாப்."

மறுநாள் காலையில் விருந்தாளிக்கு ஜபல்பூரில் ரயில். ஜீப் கிளம்பிவிட்டது. அப்பாவும் பிள்ளையும் மட்டும் தடம் பிடித்துப் போனார்கள். கையில் துப்பாக்கி கிடையாது, கோடாரி மட்டும். முதல் நாள் முழுக்க மூன்று ஓடை தாண்டிப் போனார்கள். ராத்திரி தீ மூட்டிக் காட்டிலேயே படுத்தார்கள். இரண்டாவது நாள் காலையில் ஒரு மடுவில், தண்ணீரில் பாதி உடம்பு கிடக்கப் படுத்திருந்தது. உயிர் இருந்தது. எழ முடியவில்லை. அப்பா கோடாரியால் முடித்தார்.

வயிறு அழுகியிருந்ததால் கறி உதவாது. கொம்பை எடுத்து வந்தார்களா என்று கேட்டேன். எதற்கு என்றார். இரண்டு நாள் கூலியும் வரவில்லை, கூலி தருகிற ஆள்தான் ரயிலேறிவிட்டாரே. டாக் பங்களா ரிஜிஸ்டரில் என்ன எழுதியிருக்கிறது என்று கார்டு ஒருவர் பிறகு படித்துச் சொன்னாராம். கடமான், இல்லை. குண்டு தவறியது.

"கூலியும் இல்லை, கறியும் இல்லை, பின்னே உங்கப்பா எதுக்குப் போனார் தாதா?" என்று கேட்டேன். பாங்க் புத்தி, வேறென்ன.

"நானும் அன்னைக்குக் கேட்டேன் சாப். அந்த மானை அவனுக்குக் காட்டிக் குடுத்தது நாமதானேடா, அப்படின்னார்."

அன்று வீட்டுக்கு வந்தும் இதுதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் தொழிலில் வராக் கடன் என்று ஒன்று உண்டு. வசூலே ஆகாது என்று தெரிந்து தள்ளுபடி செய்தாலும், தள்ளுபடி என்று ஒரு வரி எழுதித்தான் ஆகணும். ஒன்றுமே நடக்கவில்லை என்று எழுத எந்த ஆடிட்டரும் விடமாட்டார்.

காயம்பட்ட மிருகத்தை விடக்கூடாது என்பது ஷிகாரிகளின் எழுதாத சட்டங்களில் முதலாவது என்று எல்லாப் புத்தகமும் சொல்கிறது. பொய் இல்லை. ஆனால் அது புலிக்கும் சிறுத்தைக்கும்தான் கறாராக நடந்தது என்று எனக்குத் தோன்றுகிறது. காரணம் எளிது. காயம்பட்ட புலி திரும்பி வரும். ஜிம் கார்பெட் 1944-ல் வந்த குமாயூன் புத்தகத்தின் தொடக்கத்திலேயே எழுதுகிறார், பெரும்பாலான புலிகள் ஆட்கொல்லியாக மாறுவது காயத்தால் என்று. கவனமில்லாமல் சுட்டுவிட்டுப் பின்தொடர்ந்து போய் முடிக்காமல் விட்டதும் அந்தக் காயங்களுக்கு ஒரு காரணம் என்கிறார். அப்படி விட்ட ஒரு புலிக்காக ஊரே பல வருஷம் விலை கொடுக்கும். மான் யாரை என்ன செய்யும்? திரும்பி வராது, கடிக்காது, அதற்காகக் கலெக்டருக்கு யாரும் மனுப் போடமாட்டார்கள். அதைத் தேடிப்போவதும் போகாததும் சுட்டவர் மனசைப் பொறுத்தது. அந்த மனசுக்கு ஜபல்பூரில் ரயில் காத்திருந்தால் முடிந்தது கதை.

அதன் பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜீப்பும் ஸ்பாட்லைட்டும் வந்தன. பயிரைக் காக்க என்று துப்பாக்கி லைசென்ஸ்களும் தாராளமாகக் கொடுக்கப்பட்டன. ராத்திரியில் வெளிச்சத்தில் கண் கூசி நிற்கிற மானைச் சுடத் தடம் தெரிந்த ஆள் தேவையில்லை. அடிபட்டு ஓடினால் அதை விட்டுவிட்டு அடுத்ததற்கு விளக்கைத் திருப்பிக்கொள்ளலாம். கான்ஹா 1955-லேயே தேசியப் பூங்கா ஆகிவிட்டது. இருந்தும், வேட்டை, மேய்ச்சல் நிலம் சுருங்கியது என்று பல காரணங்கள் சேர்ந்து, 1970-ல் அங்கே எண்ணியபோது பாரசிங்கா வெறும் 66! பிராண்டர் பெயரைச் சுமந்த மான் உலகத்தில் அப்போது அவ்வளவுதான் இருந்தது. வேலி அடைத்து வைத்துக் குட்டிகளைக் காப்பாற்றினார்கள், காட்டுக்குள் இருந்த ஊர்களை வெளியே மாற்றி, வயல்களை மறுபடி புல்வெளி ஆக்கினார்கள். இன்று பாரசிங்கா நூற்றுக்கணக்கில் இருக்கிறது. 2015-ல் சாத்புராவுக்கும் 2023-ல் பாந்தவ்கருக்கும் இங்கிருந்து கொண்டுபோய் விட்டார்கள். மாற்றப்பட்ட ஊர்களில் தாதாவின் ஊரும் ஒன்று. அதைப் பற்றிக் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவார்.

1972 வனவிலங்குச் சட்டத்தோடு வேட்டை ஒரேயடியாக நின்றுவிட்டது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். பாரசிங்காவுக்கு அப்போதே முழுப் பாதுகாப்பு கிடைத்தது. புள்ளிமானும் கடமானும் 'பெரு வேட்டை' என்ற பட்டியலில் இருந்தன, லைசென்ஸ் கொடுக்கச் சட்டத்தில் இடமிருந்தது. அந்த வாசலையும் அடைத்தது 1991 திருத்தம்.

1973-ல் புலிகள் காப்புத் திட்டம் கான்ஹாவுக்கு வந்தபோது தடம் தெரிந்த ஆட்களைக் காவலுக்கு எடுத்துக்கொண்டார்கள். தாதாவுக்கு வேலை கிடைத்தது அப்படித்தான். புலியின் கால்தடத்தின் மேல் கண்ணாடி வைத்து வரைந்து எண்ணுவார்கள் அல்லவா, அந்த வேலை. 2006-லிருந்து கேமரா வைத்து எண்ணுகிற முறை வந்துவிட்டது. பேரன் சுற்றுலா ஜீப் ஓட்டுகிறான். பாரசிங்கா எங்கே நிற்கும் என்று அவனுக்குத் தெரியும், ரத்தம் பார்க்கத் தெரியாது. தெரிய வேண்டிய அவசியமும் இல்லை, அது நல்லதுதான் என்று தாதாவே சொன்னார்.

போன நவம்பரில், மெஷின் மறுபடி மக்கர் செய்து கொண்டிருந்தபோது, நம் ஊர்க் கதை ஒன்றை அவருக்குச் சொன்னேன். தமிழ் நான் பன்னிரண்டாம் வகுப்போடு சரி. இது அப்பா சொல்லிக் கேட்டது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தினைப்புனம் காக்கிற பெண்களிடம் ஒருவன் வேட்டை நாய்களோடு வந்து, என் வேட்டை தப்பிவிட்டது, பார்த்தீர்களா என்கிற மாதிரி விசாரிப்பான். பிற்காலத்தில் திருக்கோவையாரில் 'வேழம் வினாதல்', 'கலைமான் வினாதல்' என்று தனித்தனித் துறையே உண்டு. அம்பு பட்ட கலைமான் இந்தப் பக்கம் வந்ததா என்று கேட்டுக்கொண்டு வருவான். என் அரைகுறை இந்தியில் இதையெல்லாம் சொல்லி முடித்தேன்.

தாதா கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அவன்கூட நாய் இருந்துச்சா சாப்?"

"இருந்தது தாதா."

"மான் அடிபட்டு ரத்தம் விட்டுதா?"

"அப்படித்தான் சொல்கிறான்."

"நாயும் இருக்கு, ரத்தமும் இருக்கு. தரையைப் பாக்காம பொண்ணுங்க கிட்ட எதுக்குக் கேக்கறான்? பொய் சொல்றான் சாப், அவன் மானுக்கு வரலை."

தோழிக்கும் இதே சந்தேகம்தான் வந்தது என்று சொன்னேன். அவள் நல்ல ஆள் என்றார். அதற்குள் பியூன் வந்து, இடது கை மோதிர விரலை மெஷின் ஏற்றுக்கொண்டது என்றான்.